மாடி வீட்டில் இல்லாத மச்சான்

எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடிக்கு ஒரு தீப்பெட்டி போனாலும் என் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். தரைத்தளம், மாடிப்படிக்கு நேர் எதிர் வீடு. நான் ஆசைப்பட்டுத் தேடி எடுத்ததல்ல, அமைந்தது. அமைந்ததை வீணாக்கும் பழக்கம் எனக்கில்லை, அவ்வளவுதான்.

முப்பது வருஷம் குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் நான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஆரம்பிப்பார்கள், மருமகள் வீட்டுக்கு வரவில்லை என்பதில் கொண்டுபோய் முடிப்பார்கள். நானும் தேதி, கிழமை, தெரு, கதவு எண் எல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்வேன். ஓய்வு பெற்ற பிறகு யாரும் வரிசையில் நின்று வந்து சொல்வதில்லை. அதனால் நானே போய்க் கேட்டுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. இதற்குப் பெயர் வம்பு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் என் வம்பில் கலப்படம் இருக்காது. இரண்டாவது மாடி டீச்சர் ஒன்றைச் சொன்னால் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும். நான் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பெருமையில்தான் மண் விழுந்தது.

மூன்றாவது மாடியில் இருப்பவர் வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் மேஸ்திரி. கட்டடத்தில் அவருக்குப் பெயர் மூட்டைக்காரர். அவர் சம்சாரம் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். ஒரே பெண், பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். இந்த மூன்று பேரோடு நான்காவதாக ஒருநாள் வந்து சேர்ந்தவன் மூட்டைக்காரர் சம்சாரத்தின் தம்பி. வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்களாம், இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தான். மூட்டைக்காரர் அவனை மச்சான் மச்சான் என்று கூப்பிட, கேட்டுக் கேட்டுக் கட்டடமே அவனுக்கு மச்சான் முறை ஆகிவிட்டது. ஒரு தடவை டீச்சரே, "மச்சான், இந்தப் பையைக் கொஞ்சம் மேல வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இரண்டு வாரம் என்று வந்தவன் பால்கனியில் ஒரு பாயளவு இடத்தைப் பிடித்துக்கொண்டு நாலு மாதம் ஆகிவிட்ட சமயத்தில் எனக்குப் பல் வலி வந்தது.

பல் டாக்டரிடம் போனால் அங்கே எங்களுக்கெல்லாம் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரரின் அக்கா ஒரு பக்கக் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தார். மொத்தக் கட்டடமும் அவர் தம்பிக்குச் சொந்தம். எனக்கும் அவருக்கும் ஒரு வணக்கத்துக்கு மேல் பழக்கமில்லை. டாக்டரோ யாருக்கோ வேரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நாற்பது நிமிஷம். ஒரு மனுஷி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, நாற்பது நிமிஷம் எப்படிப் பேசாமல் இருப்பது?

"மூணாவது மாடிக்காரங்க எப்படி, ஒழுங்கா இருக்காங்களா?" என்று அவர் ஒப்புக்குத்தான் கேட்டார்.

"மூணாவது மாடியா? அது வீடா, ரயில்வே வெயிட்டிங் ரூமா? ஒருத்தர் எழுந்தாத்தான் இன்னொருத்தர் படுக்கலாம்."

வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா சிரித்தார். பல் வலிக்காரியைச் சிரிக்க வைத்துவிட்டேனே என்று எனக்கு ஒரே குஷி. கேட்காமலே மச்சானைப் பற்றிச் சொன்னேன். எந்த மாதம் வந்தான், பால்கனியில் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கிறான், காலையில் குளியலறைக்கு யாருக்குப் பின் யார். சொன்னது அத்தனையும் உண்மை. அதில் ஒரு சொல் பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. சலவைக்கடையிலிருந்து திரும்பியவள் கையோடு என்னிடம் கொண்டுவந்தாள். ஆபீஸ் பாஷை எனக்குப் புரியும் என்று கட்டடத்தில் ஒரு பெயர் உண்டு.

"உரக்கப் படிங்கக்கா" என்றாள்.

படித்தேன். மூன்று பேருக்கு என்று ஒப்பந்தம். உறவினர் முப்பது நாளுக்கு மேல் தங்கினால் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். 'மேற்படி நிபந்தனைக்கு மாறாக, குடியிருப்பை ரயில் நிலையக் காத்திருப்பு அறைபோல் பயன்படுத்தி வருவதாக நம்பகமாக அறிய வருவதால்...'

அங்கே படிப்பதை நிறுத்திவிட்டேன். வக்கீல் கோட்டு போட்டு அனுப்பியிருந்தாலும் என் வாயில் பிறந்த பேச்சு எனக்குத் தெரியாதா?

"என்னக்கா நின்னுட்டீங்க?"

"கண்ணாடி போடல, அதான்."

"போட்டுத்தானே இருக்கீங்க."

ஆமாம், போட்டுத்தான் இருந்தேன். மீதியையும் படித்தேன். நாற்பதாவது நாள் குடியிருப்பு அலுவலகத்தில் விசாரணை. நிபந்தனை மீறியது நிரூபணமானால் ஏழு நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அவள் கடிதத்தை வாங்கி நான்காக மடித்தாள். இஸ்திரிக்காரி இல்லையா, மடிப்பு நூல் பிடித்த மாதிரி இருந்தது. "யாருக்கா போய்ச் சொல்லியிருப்பாங்க?" என்றாள். நான் உதட்டைப் பிதுக்கினேன். என் வாழ்க்கையில் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தும் உதட்டைப் பிதுக்கியது அன்றைக்குத்தான்.

வேறு வீடு பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். இந்த ஊரில் யாரும் வீடு தருவதற்கு முன்னால் பழைய வீட்டுக்காரரிடமிருந்து நன்னடத்தைக் கடிதம் கேட்பார்கள். வழக்குப் போட்டவரா அதை எழுதித் தருவார்? விசாரணையில் தோற்றால் அந்தக் குடும்பத்துக்குத் தெருதான். அது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாளே மூட்டைக்காரர் அட்டைப்பெட்டிகளோடு படியேறினார்.

"இன்னும் விசாரணையே நடக்கல, அதுக்குள்ள கட்ட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கதவிலிருந்து கேட்டேன்.

"கடைசி வாரத்துல கட்டுறவங்க வீட்டையெல்லாம் பார்த்திருக்கேன்க்கா. சாவியை உப்பு டப்பாவுக்குள்ள வச்சுக் கட்டிட்டு, சாவியக் காணோம்னு வாசல்ல உட்கார்ந்து அழுவாங்க. நமக்கு அது வேணாம்."

"எத்தனை பெட்டி வரும்?"

"எங்க வீடு முப்பத்தெட்டு." என் தோளுக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். "உங்க வீடு அறுபத்தொண்ணு."

தனிக்கட்டைக்கு அறுபத்தொன்றா என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபப்படும் தகுதியில் நான் அப்போது இல்லை.

அவர்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. பெட்டி எந்த அறையிலிருந்து வந்தது என்று எழுத மாட்டார்கள், போகிற வீட்டில் எந்த அறைக்குப் போக வேண்டுமோ அதைத்தான் எழுதுவார்கள். சமையலறை, பெரிய படுக்கையறை, மாடி என்று. கட்டி ஒட்டிய முதல் பெட்டியின் முன்னால் மூட்டைக்காரர் மார்க்கர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாராம். போகிற வீடு என்று ஒன்று இருந்தால்தானே எழுத. கடைசியில் 'டீச்சர்' என்று எழுதினார்.

அப்படித்தான் வீடு பிரிந்தது. மிக்சியும் பெரிய பாத்திரங்களும் டீச்சர் வீட்டுக்கு. பாடப்புத்தகம் போக மீதிப் புத்தகமெல்லாம் டீச்சரின் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் பரணுக்கு. தையல் மெஷின் முதல் மாடிக் கண்ணாடிக்கடைக்காரரிடம். கட்டிலைக் கழற்றி, மரையாணிகளைத் துணியில் முடிந்து கட்டில் காலிலேயே ஒட்டினார். கட்டில் கம்பெனி கிடங்குக்குப் போயிற்று. அன்றிலிருந்து எல்லோரும் தரையில் படுத்தார்கள். ஆளுக்கு ஒரு பையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் இருந்து பார்த்தார்களாம், எது இல்லாமல் முடியாது என்று தெரிந்துகொள்ள. ஒரு பாத்திரத்தில் சமையல். பொதுக் குளியலறை எத்தனை மணிக்குத் திறக்கும், நூலகம் எந்தக் கிழமை மூடும் என்று அந்தப் பெண் ஒரு காகிதத்தில் எழுதிக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் அம்மாவின் கழுத்தில் தொங்கின. இஸ்திரி மேசையில் நிற்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை.

என் வீட்டுக்கு மட்டும் பெட்டி வரவில்லை.

முதல் வாரம் நான் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது வாரம் கட்டிலுக்கு அடியில் இருந்ததையெல்லாம் இழுத்துப்போட்டுத் துடைத்தேன். மூட்டைக்காரர் இறங்கும்போது, யாரிடமோ சொல்வதுபோல, "எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில எவ்வளவு இடம் சும்மா கிடக்கு" என்றேன்.

"நல்லதுக்கா, காத்தோட்டமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெரிந்துவிட்டது, அதனால்தான் என் வீட்டில் ஒரு கரண்டியைக்கூட நம்பி வைக்க மாட்டேன் என்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். படியில் யார் நடந்தாலும், இதோ கேட்கப்போகிறார்கள் என்று கதவருகே போய் நின்றேன். யாரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்கப்போனது வேறு ஆளை.

ஒரு மத்தியானம் மூன்றாவது மாடியில் சத்தம். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மூன்று மாடி இறங்கி வருவதற்குள் பேச்சு தேய்ந்துவிடும், ஆனால் என் காதுக்கு அது பழக்கம்.

"உன் வாயால வந்ததுடா எல்லாம்" என்றாள் அக்காக்காரி. "அந்த வீட்டுக்காரரு அக்காவோட கார் டிரைவர்கூட கேட்டுல நின்னு தினமும் என்ன கதை? சொந்த வீடு மாதிரி இருக்கேன்னு பீத்திக்கிட்டியா?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா."

"பாப்பாவுக்குப் பரீட்சை. அவள எங்க கொண்டுபோய் வைப்பேன், சொல்லு. போடா. இனிமே என் மூஞ்சில முழிக்காத."

மச்சான் ஒரு ரெக்சின் பையோடு இறங்கி வந்தான். அந்த டிரைவர் வேலைக்குச் சேர்ந்தது ஒன்பதாம் தேதி. கடிதத்தில் போட்டிருந்தது அதே மாதம் நான்காம் தேதி. டிரைவரிடம் மச்சான் பேசினதால் கடிதம் வந்திருக்க வழியே இல்லை. இது கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். கதவைத் திறந்து அந்த இரண்டு தேதிகளைச் சொன்னால் போதும், என்னைப் பற்றிச் சொல்லக்கூட வேண்டாம். தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன். என் கதவுக்கு முன்னால் அவன் ஒரு நொடி நின்றான்.

"வரேன்க்கா" என்றான், மூடிய கதவைப் பார்த்து.

நான் உள்ளே நிற்பது அவனுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவன் போன பிறகுதான் திறந்தேன், ஏதோ தெருவில் காய்கறி வண்டி வந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

விசாரணைக்கு மூன்று நாள் இருக்கும்போது மூட்டைக்காரர் சம்சாரம் வந்தாள். சாயங்காலம் நாலு மணி, கையில் வெந்நீராவி வாசனை. உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, தோத்துட்டா என்ன செய்யறதுன்னு பேசி வச்சிருக்கோம். அவரு கம்பெனி கிடங்குல படுத்துக்குவாரு, அங்க ஆம்பளைங்கள மட்டும்தான் விடுவாங்க. தம்பியும் இப்ப அங்கதான் கிடக்கான். சலவைக்கடை மேல் ரூம்ல ரெண்டு பொம்பளைங்க இருக்காங்க, நான் மூணாவதா ஒண்டிக்குவேன். பாப்பாவுக்குத்தான் இடமில்ல." கழுத்து உறையை விரலால் தடவினாள். "பரீட்சை முடியற வரைக்கும், ஆறு வாரம். உங்களுக்கும் ஒருத்தருக்குன்னுதான் ஒப்பந்தம், தெரியும். வீட்டுக்காரரு பார்த்தா உங்களுக்கும் வம்பு. அதான் இவ்வளவு நாளும் வாய் வரல."

நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

"பெட்டி எதுவும் உங்களுக்குத் தரலன்னு வருத்தப்பட்டிருப்பீங்க. அவரு மொதல்லயே சொல்லிட்டாரு. கீழ் வீட்ட நிரப்பாதீங்க, அந்த இடம் பாப்பாவுக்குன்னு. பொட்டப்புள்ளய வேற யாரை நம்பி விடறது?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குத் தெரிந்த ஒரே முறையில் சொன்னேன், புகார் எழுதிக்கொள்வதுபோல. என்ன தேதி, என்ன கிழமை, எந்த டாக்டர், யாரிடம், என்ன வார்த்தை. ரயில்வே வெயிட்டிங் ரூம் என்ற இடத்தில் அவள் நிமிர்ந்தாள். நான் நிறுத்தாமல் டிரைவரின் ஒன்பதாம் தேதியையும் சொன்னேன். நான் கதவுக்குப் பின்னால் நின்றதையும் சொன்னேன்.

சேலை நுனியிலிருந்து ஒரு நூல் பிரிந்திருந்தது. அதைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"டாக்டர் கூப்பிட எவ்வளவு நேரமாச்சு?" என்றாள்.

"நாப்பது நிமிஷம்."

"நாப்பது நிமிஷம்." அதையே திருப்பிச் சொன்னாள். குரலில் கோபம் இல்லை, கணக்குச் சரிதானா என்று பார்ப்பதுபோல இருந்தது. "திருடினவனத் துரத்துற மாதிரி துரத்தினேன்க்கா அவன. சாப்பிட்டுட்டுப் போன்னுகூடச் சொல்லல."

"நான் வந்து விசாரணையில..."

"மொதல்ல அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்களே போய்ச் சொல்லணும்."

எழுந்து வாசல்வரை போனாள். கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். "பாப்பா?"

"வருவா. வேற எங்க போவா?" என்றாள், திரும்பாமல்.

மூன்று நாளும் நான் கிடங்குக்குப் போகவில்லை. ஒருநாள் மழை, ஒருநாள் முழங்கால், ஒருநாள் பஸ் கூட்டம். மழை தூறல்தான். முழங்கால் எப்போதும் இருக்கிற வலிதான். பஸ் காலியாகப் போனதை நானே ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

குடியிருப்பு அலுவலகத்தில் விசாரணை அறை எங்கள் பழைய புகார் ஹால் மாதிரியே இருந்தது, ஒரு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டு. ஒரு பக்கம் வீட்டுக்காரர், அவர் வக்கீல், அக்கா. அந்த அம்மாவுக்குக் கன்னம் வற்றிவிட்டது. இன்னொரு பக்கம் மூட்டைக்காரரும் சம்சாரமும். பின்னால் எங்கள் கட்டடத்து ஜனம். மச்சானை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், ஆளை நேரில் பார்த்தால் அதுவே சாட்சியாகிவிடும் என்று.

வீட்டுக்காரரின் அக்கா எழுந்து விரலை நீட்டினார். "இதோ, இந்தம்மாதான் என்கிட்ட சொன்னாங்க. நாலாவது ஆள் நாலு மாசமா இருக்கான்னு."

அதிகாரி என்னை முன்னால் வரச் சொன்னார். என் வயசுதான் அவருக்கும் இருக்கும், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மூன்றாவது மாடியில் நான்காவது நபர் தங்கியிருந்தாரா? தங்கியிருந்தால் எத்தனை நாள்?"

நான் போகும்போது நினைத்துக்கொண்டு போனது வேறு. உள்ளதைச் சொல்லி, விளையாட்டாகப் பேசியது என்று சொல்லி, மன்னிக்கக் கேட்பதாக இருந்தேன். ஆனால் அந்த மேசைக்கு முன்னால் நின்றதும் புரிந்தது, அங்கே என் மன்னிப்பை எழுத இடமில்லை. எண்ணிக்கையை எழுதத்தான் கட்டம் இருந்தது. எண்ணிக்கை என் நாக்கு நுனியில் இருந்தது, நாள் பிசகாமல். முப்பது வருஷம் மற்றவர்களிடம் சரியான தேதியைக் கேட்டுக் கேட்டு வாங்கியவள் நான்.

"தெரியாதுங்க" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு இருமல். டீச்சருடையது.

"பல் டாக்டர்கிட்ட உட்கார்ந்து சொன்னீங்களே" என்றார் அந்த அம்மா.

"ஆயிரம் சொல்லுவேன்மா. என் வாய் சும்மா இருக்காது. நீங்க சிரிச்சீங்க, இன்னும் ரெண்டு சேர்த்துச் சொன்னேன்."

வக்கீல் எழுந்தார். "அப்படியானால் சொன்னது பொய் என்கிறீர்களா?"

"பொழுது போகணுமே சார். என் பேச்சை நம்பி ஒரு வீட்டையே காலி பண்ணச் சொல்வாங்கன்னு எனக்கென்ன தெரியும்? கட்டடத்துல கேட்டுப் பாருங்க, நான் சொல்றத யாராவது காதுல போட்டுக்கிறாங்களான்னு."

அதிகாரி நிஜமாகவே கேட்டுவிட்டார். "இவர் அப்படிப்பட்டவர்தானா?"

அவர்கள் கொஞ்சமாவது தயங்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். டீச்சர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றார். "சார், இவங்க சொல்றதுல பத்துல ஒண்ணு தேறினா அதிகம்." சொல்வது யார் என்று பாருங்கள். மருந்துக்கடைக்காரர், "வயசாயிடுச்சு சார், ஞாபகம் இல்லாம ஏதாவது பேசுவாங்க" என்றார் பரிதாபமாக. கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் காரமாக, "எங்க வீட்டப் பத்தியும் இப்படித்தான் சார் ஒண்ணக் கட்டிவிட்டாங்க" என்றார். அவர் வீட்டைப் பற்றி நான் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அது அவருக்கும் தெரியும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரத்துக்கும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன்.

அரைமணி நேரத்தில் உத்தரவு. நான்காவது நபர் எவரும் மேற்படி குடியிருப்பில் தங்கியிருந்ததாக நம்பத்தகுந்த சாட்சியம் இல்லை, மனு தள்ளுபடி. வெளியே வரும்போது வீட்டுக்காரர், "இனிமே வாரா வாரம் ஆள் அனுப்பிப் பார்ப்பேன்" என்றார். மூட்டைக்காரர் தலையாட்டினார்.

பெட்டிகள் மேலே ஏறின. டீச்சர் மிக்சியைப் போட்டு நன்றாக அரைத்துப் பழகியிருந்தார், ஜாடி ஒன்று குறைந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண் தன் வீட்டிலேயே படித்தாள். என் கட்டிலுக்கு அடியில் காற்றோட்டமாகத்தான் இருந்தது. மூட்டைக்காரர் வழக்கம்போல, "என்னக்கா" என்றபடி இறங்கினார், ஆனால் கதவோரம் நிற்கவில்லை. டீச்சர்கூட ஒரு விஷயத்தை ஆரம்பித்து, "சரி விடுங்க, உங்ககிட்ட எதுக்கு" என்று போய்விட்டார்.

மூன்றாம் நாள் சலவைக்கடைக்குப் போகிறவள் படியில் நின்றாள்.

"போனீங்களா?"

"இல்ல."

அவள் என்னைப் பார்த்தபடி நின்றாள். நான் உள்ளே போய்ச் செருப்பை மாட்டினேன்.

கிடங்கு ஊருக்கு வெளியே, பஸ்ஸின் கடைசி நிறுத்தம். ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போகாமல் நடுவில் நிற்கிறவர்களின் சாமான்களை அங்கே அடுக்கி வைப்பார்கள். கூரை வரைக்கும் கட்டிலும் மெத்தையும் சோபாவும், எல்லாம் பிளாஸ்டிக் தாள் சுற்றி. இருபது குடும்பம் தாராளமாகப் படுத்து எழலாம். நடுவில் ஒற்றையடிப் பாதை மாதிரி விட்டிருந்த இடத்தில் அட்டையை விரித்து மச்சான் உட்கார்ந்திருந்தான், மடியில் ஏதோ படிவம்.

"வாங்கக்கா" என்று எழுந்தான். உட்கார வைக்க இடம் தேடினான். சுற்றிலும் நாற்பது சோபா. "எதுலயும் உட்காரக் கூடாதுன்னு கண்டிஷன். தாள்ல சுருக்கம் விழுந்தா கண்டுபிடிச்சிடுவாங்க." மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து மேலே தன் போர்வையை மடித்துப் போட்டான்.

உட்காராமலே சொன்னேன். "மச்சான், வீட்டுக்காரர் அக்காகிட்ட உன்னப் பத்திச் சொன்னது நான்தான். டிரைவர் இல்ல. நீ இல்ல."

காதைச் சொறிந்துகொண்டான். "நானும் டிரைவர்கிட்ட ஏதாச்சும் உளறியிருப்பேன்க்கா. எனக்கும் வாய் நீளம். ரெண்டும் சேர்ந்துதான் வந்திருக்கும்."

நல்ல மனுஷன், தப்பித்துப் போக ஒரு சந்து காட்டுகிறான். புகுந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, மறைக்க மாட்டேன்.

"டிரைவர் சேர்ந்தது ஒன்பதாம் தேதி. லெட்டர் நாலாம் தேதி" என்றேன். "நீ போற அன்னைக்கே எனக்குத் தெரியும். கதவத் திறக்கல."

"ஓ" என்றான். அவ்வளவுதான்.

பிறகு மடியிலிருந்த படிவத்தை எடுத்துக் காட்டினான். ஏதோ ஒரு தொழிற்சாலை வேலைக்கு விண்ணப்பம். "கடைசி ஆறு மாசம் எந்த விலாசத்துல இருந்தீங்கன்னு கேட்கறான். உத்தரவுல என்ன எழுதியிருக்குன்னு அத்தான் படிச்சுக் காட்டினாரு. நாலாவது ஆள் யாரும் இல்லன்னு." லேசாகச் சிரித்தான். "அப்போ அத்தனை நாள் நான் எங்கக்கா இருந்தேன்?"

"அங்கதான் இருந்தே" என்றேன். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. "ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தே, செருப்பு ஒண்ணுல வார் அறுந்து கையில வச்சிருந்தே. படிக்கட்டுல குழாய் உடைஞ்ச அன்னைக்கு யாரும் சொல்லாம நீயே மூணு மாடியும் துடைச்சே. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப நாலு நாள் படியில உட்கார்ந்து தூங்கினே. அப்புறம், காலையில இஸ்திரிச் சட்டை போட்டுக்கிட்டு வேலை தேடப் போறேன்னு கிளம்புவியே, அதுல பதினேழு நாள் நூலகத்துக்குப் பின்னாடி பூங்கா பெஞ்சுல சாயங்காலம் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தே. பஸ்ல போறப்பயும் பார்ப்பேன், திரும்பி வர்றப்பயும் பார்ப்பேன்."

அவன் முகம் மாறியது. "அதையுமா பார்த்தீங்க?"

"ம்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"இல்ல. யார்கிட்டயும் சொல்லல."

"அத மட்டும் ஏன் சொல்லல?"

யோசித்தேன். அவனிடம் இனிப் பொய் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது. "சிரிக்கிற மாதிரி சொல்ல வரல" என்றேன்.

அவன் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம் கேட்டது.

"என் வீட்டு விலாசத்தை எழுது" என்றேன். "தரைத்தளம். யாராவது வந்து கேட்டா ஆறு மாசமா இங்கதான் இருக்கான்னு நான் சொல்றேன். எழுதறதோட நிக்காத, வந்தே இரு. கூடம் சும்மாதான் கிடக்கு."

"உங்களுக்கும் ஒருத்தருக்குன்னுதானே ஒப்பந்தம்?"

"இருந்துட்டுப் போகட்டும். எழுது."

பேனாவைத் திறந்தான். கட்டத்தின் மேல் முனை தொடுகிற வரைக்கும் கொண்டுபோனான். பிறகு மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டான்.

"வேணாம்க்கா. வீட்டுக்காரரு ஆள் அனுப்பறேன்னு சொல்லியிருக்காரு. யாராவது பார்த்துட்டுப் போய்ச் சொல்லிட்டாங்கன்னா?"

குத்திக்காட்டுவதற்காக அவன் அதைச் சொல்லவில்லை. என் வீடு போய்விடக் கூடாதே என்று நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் சொன்னான்.